80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது, பேலன்சிங் இரண்டு முறை பார்த்தாயிற்று

கானாடுகாத்தான் பேரன் | ஞாயிறு, காலை 9.10

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2015 மாடல் டீசல் கார், முன் சக்கர இழுவை. மொத்தம் 48,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. நாங்கள் சென்னையில் இருக்கிறோம், வண்டி ஊரில் கொட்டகையில் நிற்கும். பொங்கல், கல்யாணம், கோயில் காரியம் என்று வரும்போது எடுப்போம். இந்த முறை ஐந்து மாதம் அசையாமல் நின்றுவிட்டது.

வந்ததும் பேட்டரிக்கு உயிர் கொடுத்து, காற்று அடித்து, காரைக்குடிக்கு எடுத்துப் போனேன். 80 வரை ஒன்றும் தெரியவில்லை. அதைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. 85 முதல் 95 வரை மோசம், ஓடுகிற கிரைண்டர் மேல் கை வைத்தது போல இருக்கிறது. 100-க்கு மேல் கொஞ்சம் குறைகிறது.

காரைக்குடியில் ஒரு கடையில் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்குவது), அலைன்மென்ட் (சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்வது) இரண்டும் செய்தேன். மாற்றமில்லை. வேறு கடையில் மறுபடி பேலன்சிங். அங்கும் மிஷின் பூஜ்யம் காட்டியது, ஆனால் ரோட்டில் அதே நடுக்கம். அப்புறம் ஒரு பட்டறையில் முன் பிரேக் டிஸ்க் இரண்டும், சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம் இரண்டும் மாற்ற வேண்டும் என்று 18,000 ரூபாய் சொல்கிறார்கள். வியாழக்கிழமை அம்மாவை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். பணம் கொடுக்கும் முன் உங்களைக் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

செம்மண் சாலை | ஞாயிறு, காலை 9.32

ரிம்மின் உள்பக்கத்தைப் பார்த்தீர்களா? நம் பக்கத்து செம்மண் சேறு ஒரு மழைக்கு உள்ளே அப்பிக் காய்ந்தால் ஓடு மாதிரி ஆகிவிடும். என் வண்டியில் ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி அளவு ஒட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதும் சரியாகிவிட்டது.

தேவகோட்டைப் பட்டறை | ஞாயிறு, காலை 10.45

தம்பி, இருபத்தாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நடுக்கம் என்று வண்டி வந்தால் நான் முதலில் ஸ்பானரைத் தொட மாட்டேன், ஓட்டிப் பார்க்கத்தான் போவேன். எந்த நேரத்தில் வருகிறது, உடம்பில் எங்கே தெரிகிறது, கால் எந்தப் பெடலில் இருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

திருமயம் தாண்டியதும் நேர் ரோடு கிடைக்கும். விடிகாலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். 90-க்குக் கொண்டுபோய் நடுக்கம் வந்ததும் கிளட்சை மிதித்து நியூட்ரலில் விடுங்கள். சாவியை மட்டும் அணைக்கக் கூடாது. அணைத்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். நியூட்ரலிலும் நடுக்கம் அப்படியே இருந்தால் என்ஜின், மவுண்டிங், கிளட்ச் மூன்றையும் மறந்துவிடலாம். சுற்றுகிற சக்கரத்தோடு சம்பந்தப்பட்டது அது. நியூட்ரலில் நின்றுபோனால் வேறு கதை.

அடுத்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தி இழுக்கும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால் சக்கரத்தைச் சுற்ற வைக்கும் தண்டான ஆக்ஸிலின் உள்பக்க ஜாயிண்ட் தேய்ந்திருக்கும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால்தான் டிஸ்க்கைச் சந்தேகப்பட வேண்டும். மிதிக்காமலே நடுங்குகிற வண்டிக்கு டிஸ்க் மாற்றச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. லோயர் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் இருக்கிற நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும், ஆனால் நடுக்கம் அங்கே பிறப்பதில்லை. புது ஆர்ம் போட்டால் நடுக்கம் கொஞ்சம் அமுங்கும், நோய் உள்ளேயே கிடக்கும்.

ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டிலும் காலடியிலும் தெரிந்தால் பின் சக்கரம். அதனால் முன் சக்கரம் இரண்டையும் அதே பக்கத்துப் பின் சக்கரங்களோடு மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் சக்கரத்தோடு இடம் மாறினால் சக்கரத்தில் குறை. மாறாமல் முன்னாலேயே இருந்தால் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்), ஆக்ஸில், ஸ்டியரிங் பாகங்களில் குறை. அரை மணி நேர வேலைதான்.

இதை எல்லாம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பள்ளத்தூர்க்காரன் | ஞாயிறு, காலை 11.20

ஐந்து மாதம் நின்றது என்ற இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். எங்கள் வீட்டு வண்டியும் இப்படித்தான் நிற்கும். ஒரே இடத்தில் பாரத்தோடு நின்றால் தரையில் படும் பகுதி தட்டையாகிவிடுகிறது. நல்ல டயராக இருந்தால் முப்பது, நாற்பது கி.மீ. ஓடிச் சூடானதும் உருண்டைக்கு வந்துவிடும். ரொம்ப நாள் காற்று இறங்கி நின்றிருந்தால் திரும்ப வராது. உங்கள் வண்டி ஓட ஓடக் குறைகிறதா என்று பாருங்கள்.

சக்கரம் 360 | ஞாயிறு, மதியம் 12.05

அலைன்மென்ட்டை இன்னொரு நல்ல கடையில் பாருங்கள். கம்ப்யூட்டர் அலைன்மென்ட் சரியாகச் செய்தால் ஸ்டியரிங் நடுக்கம் போய்விடும். என் அனுபவம்.

முத்துப்பட்டணம் டயர் கடை | ஞாயிறு, மதியம் 1.40

மேலே அலைன்மென்ட் பற்றி எழுதிய அண்ணனுக்கு: என் கடையில் அலைன்மென்ட் மிஷின் இருக்கிறது, அதில்தான் எனக்குச் சாப்பாடு. இருந்தாலும் சொல்கிறேன். அலைன்மென்ட் என்பது சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது. அது தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும், ஸ்டியரிங் நேராக நிற்காது. தினம் இரண்டு பேராவது நடுங்குகிறது, அலைன்மென்ட் பாருங்கள் என்று வருகிறார்கள். இழுக்கிறதா, நடுங்குகிறதா என்று கேட்டு, நடுங்குகிறது என்றால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கலாம் என்பேன். உங்களுக்கு அலைன்மென்ட்டோடு சேர்த்து பேலன்சிங்கும் செய்திருப்பார்கள். சரிசெய்தது அதுவாக இருக்கும்.

சக்கரம் 360 | ஞாயிறு, மதியம் 2.15

ஆமாம், இரண்டும் சேர்த்துத்தான் செய்தார்கள். நன்றி அண்ணே, இத்தனை நாள் அலைன்மென்ட் என்றே நினைத்திருந்தேன்.

கானாடுகாத்தான் பேரன் | திங்கள், காலை 8.30

ஐந்தரை மணிக்கே கிளம்பிவிட்டேன். பட்டறை அண்ணன் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன்.

90-ல் நியூட்ரல் விட்டேன், நடுக்கம் அப்படியே இருந்தது. வேகம் 75-க்கு இறங்கும் வரை கூடவே வந்தது. காலை அழுத்தினாலும் எடுத்தாலும் வித்தியாசம் இல்லை. பிரேக் மிதித்தால் பெடல் உதறவில்லை. புதுக்கோட்டை வரை போய்த் திரும்பினேன், ஐம்பது கி.மீ.க்கு மேல். சூடானதும் குறையும் என்று பார்த்தேன், துளியும் குறையவில்லை. ரிம் உள்பக்கம் கழுவினேன், சேறு இல்லை.

வீட்டுக்கு வந்து முன் சக்கரங்களைப் பின்னால் போட்டு மறுபடி ஓட்டினேன். ஸ்டியரிங் அமைதியாகிவிட்டது! ஆனால் இப்போது சீட்டுக்கு அடியில் நடுங்குகிறது. பின்னால் இருந்த தண்ணீர்ப் பாட்டில் 90-ல் உதறியே விழுந்தது. ஆக, குறை சக்கரத்தில்தான். ஆனால் இரண்டு கடையிலும் மிஷின் பூஜ்யம் காட்டியதே, அது எப்படி?

கோட்டையூர் வாத்தியார் | திங்கள், காலை 10.10

மிகச் சரியாகப் பரிசோதித்திருக்கிறீர்கள். பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளியும். உங்கள் டயர் அளவு 185/65 ஆர்15 என்று எடுத்துக்கொள்கிறேன்.

இந்த டயர் ஒரு சுற்றுக்குத் தரையில் சுமார் 1.95 மீட்டர் போகும். 90 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 25 மீட்டர். ஆகவே சக்கரம் வினாடிக்குக் கிட்டத்தட்ட 13 முறை சுற்றுகிறது. அதே வேகத்தில் என்ஜின் நிமிடத்துக்கு 2,100 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 35 சுற்று. 13 என்பது கையை உதறுகிற நடுக்கம், 35 என்பது ரீங்காரம் போன்ற அதிர்வு. கைப்பேசியில் அதிர்வு அளக்கும் செயலியைப் போட்டு டாஷ்போர்டில் வைத்தால் எண்ணிக்கையே தெரிந்துவிடும்.

இப்போது எடைக் குறையைப் பார்ப்போம். ரிம் விளிம்பில், அதாவது மையத்திலிருந்து 19 செ.மீ. தள்ளி, 20 கிராம் சமன் இல்லை என்று வையுங்கள். 90-ல் அது சுமார் 2.5 கிலோ எடைக்குச் சமமான விசையோடு, வினாடிக்கு 13 முறை ஹப்பைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால் பங்கு. 45-ல் சுமார் 600 கிராம்தான். 20-ல் வெறும் 120 கிராம், ஒரு கொய்யாப்பழம். அதனால்தான் பேலன்சிங் குறை மெதுவாகப் போகையில் தெரிவதில்லை.

100-க்கு மேல் குறைவதற்கும் காரணம் உண்டு. நம் வீட்டு ஊஞ்சலை அதன் வேகத்துக்கு ஏற்றபடி தள்ளினால் உயர உயரப் போகும், அதைவிட அவசரமாகத் தள்ளினால் தடுமாறும். சக்கரமும் சஸ்பென்ஷனும் சேர்ந்த அமைப்புக்கு இயல்பான அசைவு வினாடிக்கு 10 முதல் 15 வரை இருக்கும். 85–95 அந்த இடத்தில் விழுகிறது.

கானாடுகாத்தான் பேரன் | திங்கள், காலை 10.50

ஐயா, டயர் அளவு நீங்கள் சொன்னதேதான். நீங்கள் மெதுவான வேகம் பற்றி எழுதியதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஊருக்குள் தெருவில் 15, 20-ல் உருட்டும்போது ஸ்டியரிங் லேசாக இடமும் வலமுமாக அசைகிறது. நடுக்கம் இல்லை, வாத்து நடை மாதிரி. தெரு மேடுபள்ளம் என்று விட்டுவிட்டேன். ஆனால் இன்று காலை திருமயம் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டும்போதும் இருந்தது. சக்கரம் மாற்றிப் போட்டபின் ஸ்டியரிங்கில் இல்லை, வண்டியின் பின்பாகம் அசைகிறது.

திருமயம் லோடு | திங்கள், காலை 11.05

தம்பி, வண்டியை எடுக்காதீர்கள்.

வாத்து நடை என்று எழுதினீர்களே, அது டயர் உள்ளே பிரிந்ததற்கு அடையாளம். லாரியில் எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. உள்ளே இருக்கிற கம்பி வலையும் மேல் ரப்பரும் ஒட்டு விட்டுப்போகும். மெதுவாகப் போனால் அசைவு, வேகத்தில் நடுக்கம், அப்புறம் ஒருநாள் மேல் பட்டை அப்படியே உரிந்து பறக்கும். என் வண்டியில் உரிந்த பட்டை மட்கார்டைக் கிழித்துக்கொண்டு போனது. காலியாக வந்ததால் பிழைத்தேன். அம்மாவை ஏற்றிக்கொண்டு மதுரைக்கு இந்த டயரில் போகவே கூடாது.

கோட்டையூர் வாத்தியார் | திங்கள், காலை 11.25

அவர் சொல்வது முற்றிலும் சரி. 120 கிராம் விசையால் ஸ்டியரிங்கை அசைக்க முடியாது. 20-லேயே அசைகிறது என்றால் அது எடைக் குறை அல்ல, வடிவக் குறை. டயர் உருண்டையாக இல்லை.

தேவகோட்டைப் பட்டறை | திங்கள், மதியம் 12.10

அந்தத் தெரு விஷயத்தை நேற்றே நான் கேட்டிருக்க வேண்டும். வேகத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்ன எனக்கு, மெதுவாகவும் ஓட்டிப் பார்க்கச் சொல்லத் தோன்றவில்லை.

இப்போது வீட்டிலேயே பார்த்துவிடலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஆத்தங்குடி கல் பதித்த இடத்தில் ஜாக்கி போட வேண்டாம், வழுக்கும், கல்லும் உடையும். மண் தரையில் பலகை வைத்துப் போடுங்கள். ஜாக்கியில் நிற்கும்போது காலையோ தலையையோ அடியில் நீட்டக் கூடாது. சந்தேகப்படுகிற இரண்டு சக்கரமும் இப்போது பின்னால் இருக்கின்றன, அதனால் முதல் கியரில் போட்டு முன் சக்கரங்களுக்குக் கல் அணை கொடுத்துவிட்டு, கைப்பிரேக்கை விடுவித்தால் பின் சக்கரம் சுலபமாகச் சுற்றும். டயருக்கு முன்னால் செங்கல் அடுக்கி, அதன் மேல் ஒரு பென்சிலை டயரின் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டை) மேல் படுகிற மாதிரி வைத்துச் சக்கரத்தை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் பொறுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டிலும் அதே போல வைத்துப் பாருங்கள்.

தயாரித்த தேதியையும் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம்.

கானாடுகாத்தான் பேரன் | திங்கள், மாலை 5.50

பார்த்துவிட்டேன். கை இன்னும் நடுங்குகிறது.

வலது சக்கரத்தில் ஒன்றும் இல்லை, பென்சில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தொட்டது. இடது சக்கரத்தை முக்கால் சுற்று சுற்றும் வரை சரியாக இருந்தது. அப்புறம் டயர் பென்சிலைத் தள்ளிக்கொண்டு செங்கல்லிலிருந்து கீழே போட்டுவிட்டது. மறுபடி வைத்து அளந்தேன். தீக்குச்சியை இடைவெளியில் வைத்துப் பார்த்தால், உயர்ந்த இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் இரண்டு குச்சி கனம் வித்தியாசம். நான்கு மில்லிமீட்டர் இருக்கும். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தால் தெரியவில்லை. உள்ளங்கையை வைத்துத் தடவினால் ஒரு சாண் நீளத்துக்குத் தோலுக்கு அடியில் வீங்கியது போல இருக்கிறது. பட்டன் வரிசையும் அங்கே லேசாக வளைந்து போகிறது.

தேதி 3417. அதாவது 2017 ஆகஸ்ட். நான்கு டயரும் அதே வருடம். போட்டு 22,000 கி.மீ.தான் ஓடியது, பட்டன் 5 மி.மீ. இருக்கிறது, அதனால் புது டயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முத்துப்பட்டணம் டயர் கடை | திங்கள், மாலை 6.30

இந்த ஊர்ப் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிறேன். பட்டன் தேய்வதற்கு வண்டி ஓட வேண்டும், ரப்பர் கிழமாவதற்கு ஓட வேண்டியதில்லை. தகரக் கொட்டகை, சித்திரை வெயில், இறங்கிய காற்று, இவை போதும். ஐந்து வருடம் தாண்டினால் வருடம் ஒருமுறை டயரைச் சோதிக்க வேண்டும். பத்து வருடம் ஆனால் எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான், உங்கள் ஸ்டெப்னி 2015-ல் வண்டியோடு வந்ததாக இருக்கும், பாருங்கள்.

மிஷின் ஏன் பூஜ்யம் காட்டியது என்று கேட்டீர்கள். பேலன்சிங் மிஷினில் சக்கரம் காற்றில் சுற்றுகிறது, அதன் மேல் வண்டியின் பாரம் இல்லை. எந்தப் பக்கம் எடை கூட, எந்தப் பக்கம் குறைவு என்று மட்டும் அது பார்க்கும். முட்டை வடிவத்தில் ஒரு சக்கரத்தைக் கொடுத்தாலும் வெயிட் ஒட்டிப் பூஜ்யம் ஆக்கிவிடலாம். ரோட்டில் இறக்கினால் மேடு தரையில் படும்போதெல்லாம் தூக்கிப் போடும். மிஷின் பொய் சொல்லவில்லை. ஆனால் மிஷினில் மாட்டியவர், அது சுற்றும்போது ஒரு நிமிடம் பக்கத்தில் நின்று டயரின் விளிம்பைப் பார்த்திருக்க வேண்டும். சுற்றுகையில் பட்டன் மேலும் கீழும் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். என் கடைப் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

பொன்னமராவதி ஜீப் | திங்கள், இரவு 8.15

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் வண்டி பின் சக்கர இழுவை, ஜீப் வகை. 50, 60-ல் இழுக்கும்போது காலடியில் தரை அதிர்கிறது. கிளட்ச் வேலைக்காகப் போன மாதம், பின் சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் ஷாஃப்டைக் கழற்றி மாட்டினார்கள், அதற்குப் பிறகுதான். டயர் நன்றாக இருக்கிறது.

தேவகோட்டைப் பட்டறை | திங்கள், இரவு 9.00

கழற்றி மாட்டியபின் வந்தது என்று நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்ள கிராஸ் (வளைந்து சுற்ற விடும் இணைப்பு) ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். நடுவில் உள்ள பல் ஒன்று தள்ளி மாட்டினாலும் அதிரும். ஷாஃப்ட் சக்கரத்தைவிட நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுவதால் சின்னத் தவறும் பெரிதாகத் தெரியும். ஷாஃப்டில் அம்புக்குறி அடையாளம் இருந்தால் இரண்டும் எதிரெதிரே வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் கிராஸைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டும். கழற்றும் முன் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

பொன்னமராவதி ஜீப் | புதன், காலை 7.40

ஒரு பல் தள்ளித்தான் இருந்தது. மாற்றி மாட்டியதும் நின்றுவிட்டது. ரொம்ப நன்றி அண்ணே.

கானாடுகாத்தான் பேரன் | வெள்ளி, மாலை 4.20

நான்கு டயரும் மாற்றிவிட்டேன். டிஸ்க்குக்கும் ஆர்முக்கும் சொன்ன தொகையைவிட இரண்டாயிரம்தான் கூட. ஸ்டெப்னியும் 2015-தான், பழைய வலது டயரில் ஒன்றை அவசரத்துக்கு வைத்திருக்கிறேன், அடுத்த முறை அதையும் மாற்ற வேண்டும்.

கடையில் அந்த இடது டயரை அறுத்துக் காட்டச் சொன்னேன். வீங்கிய இடத்தில் கம்பி வலைக்கும் மேல் ரப்பருக்கும் நடுவில் என் சுண்டு விரல் நுழைந்தது. உள்ளே கம்பியில் துரு. அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திண்ணையில் வைத்தார்கள். மதுரைக்கு வியாழக்கிழமை பஸ்ஸில்தான் போய் வந்தோம்.

இன்று காலை 100 வரை ஓட்டினேன். ஸ்டியரிங்கில் இரண்டு விரல் மட்டும் வைத்துப் பிடிக்க முடிகிறது. 95 பக்கம் மிக லேசாக ஒரு சிலிர்ப்பு இருப்பது போல் தோன்றுகிறது. மனப்பிரமையா என்று தெரியவில்லை. இனி வண்டியை எப்படி நிறுத்திவிட்டுப் போவது என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரன் | வெள்ளி, மாலை 5.05

நான் செய்வது: கிளம்பும் முன் டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் வழக்கத்தைவிட ஐந்து, ஆறு பாயிண்ட் காற்று கூடுதலாக வைப்பேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சாவி இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டியை எடுத்துப் பத்து கி.மீ. ஓட்டிவிட்டு வருவார். முடியாத மாதங்களில் அரைச் சக்கரம் தள்ளியாவது நிறுத்தச் சொல்வேன். திரும்பி வந்ததும் ஓட்டும் முன் காற்றை வழக்கமான அளவுக்கு இறக்கிவிட வேண்டும்.

தேவகோட்டைப் பட்டறை | வெள்ளி, மாலை 6.40

மனப்பிரமை இல்லை தம்பி. சக்கரம் இத்தனை முறை கழன்று மாட்டியிருக்கிறது. ஹப்பின் முகத்தில் துரு பொருக்கு இருந்தால் ரிம் ஒட்டி உட்காராது. சக்கரத்தைக் கழற்றி, ஹப் முகத்தையும் ரிம்மின் உள் முகத்தையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் துடையுங்கள். நட்டுகளைக் கையால் கடைசி வரை ஏற்றிவிட்டு, எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையாக இறுக்குங்கள். சக்கரம் ஜாக்கியில் இருக்கும்போது பாதி, தரையில் இறக்கியபின் மீதி. எவ்வளவு இறுக்கம் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும், இந்த அளவுக் காருக்குப் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டர் பக்கம் வரும். காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் ஏற்ற விடாதீர்கள். ஐம்பது கி.மீ. ஓடியதும் நான்கு சக்கரத்திலும் நட்டுகளை மறுபடி ஒருமுறை சரிபார்த்துவிட்டு, சென்னைக்குக் கிளம்பும் முன் எழுதுங்கள்.

கானாடுகாத்தான் பேரன் | சனி, காலை 9.15

இடது ஹப்பில் துரு ஒரு பொருக்காகவே இருந்தது, தேய்த்தெடுத்தேன். இப்போது 95-லும் ஒன்றுமில்லை. நட்டும் பார்த்துவிட்டேன், ஒன்று மட்டும் கால் சுற்று ஏறியது.